மாயமாகும் பெட்ரோல்: சொந்தமாகக் கட்டிய விமானத்தில் கசிவைத் தேடுவது எப்படி?



"நேற்றுத்தான் டாங்கியை நிரப்பினேன். இன்று பாதிதான் இருக்கிறது." கார் வைத்திருக்கும் நண்பர் இப்படிச் சொன்னால் நாம் பெரிதாகக் கவலைப்பட மாட்டோம். வழியில் ஓர் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி ஊற்றிக்கொள்ளலாம். ஆனால், சிறிய விமானம் வைத்திருப்பவர் இதையே சொன்னால் அது உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு. வானத்தில் ஓரமாக நிறுத்த இடமில்லை.

அமெரிக்காவில் பல்லாயிரம் பேர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தன்னார்வத்தால் கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. இவர்களுக்கான சங்கம் 1953-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஆர்வி என்ற ஒரு வகை மட்டுமே 10,000-க்கும் மேல் பறந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொழிற்சாலையில் செய்த விமானங்கள் ஒன்றுபோலவே இருக்கும். சொந்தமாகக் கட்டியவை அப்படி அல்ல. டாங்கியின் பூச்சு, குழாய் போகும் பாதை, வால்வு இருக்கும் இடம் எல்லாம் கட்டியவரின் கைவண்ணம். ஆகவே, பெட்ரோல் காணாமல் போனால் அதற்கான விடை எந்தக் கையேட்டிலும் இருக்காது. உரிமையாளரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு பாடகரின் முடிவு

ஜோன் டென்வர் என்ற அமெரிக்கப் பாடகரை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அவர் 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் விமானம் விழுந்து இறந்தார். அது லாங்-ஈஸி எனும் வகையைச் சேர்ந்த, வேறொருவர் சொந்தமாகக் கட்டிய விமானம். முந்தைய நாள்தான் அது அவர் கைக்கு வந்திருந்தது.

வரைபடத்தின்படி, டாங்கி மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவரோ அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எரிபொருள் அளவைக் காட்டும் கண்ணாடிகளும் பின்பக்கம்தான் இருந்தன. அவற்றில் அளவுக் கோடுகள் இல்லை. பின்னால் பார்ப்பதற்காகத் தொழில்நுட்பர் ஒருவர் சிறு முகக்கண்ணாடி கொடுத்தார். பெட்ரோல் நிரப்பவா என்றும் கேட்டார். ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்று டென்வர் மறுத்துவிட்டார்.

பறக்கும்போது வால்வைத் திருப்ப முயன்றதில் கவனம் சிதறி, வலது சுக்கான் மிதியைத் தம்மை அறியாமலேயே அழுத்தியதால் கட்டுப்பாடு போனது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. எட்டாத இடத்தில் வைத்த வால்வு, கோடு இல்லாத அளவுமானி, அந்த விமானத்தில் போதிய பயிற்சியின்மை ஆகியவற்றையும் அது சுட்டிக்காட்டியது.

இந்தச் சம்பவத்தில் பெட்ரோல் கசியவில்லை. ஆனாலும் நமக்குப் பாடம் உண்டு. எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாத நிலையே ஆபத்தின் தொடக்கம்.

நான்கே வழிகள்தான்

பெட்ரோல் மாயமாவதில்லை. ஒன்று, இயந்திரத்தில் எரிந்திருக்கும். இரண்டு, வெளியே போயிருக்கும். மூன்று, அடுத்த டாங்கிக்குப் போயிருக்கும். நான்கு, தொடக்கத்திலேயே அது அங்கே இருந்திருக்காது. இந்த நான்கையும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் விடை கிடைத்துவிடும்.

நான்காவதிலிருந்து தொடங்குவதே நல்லது. டாங்கியை முழுவதும் காலி செய்து, விமானத்தைச் சமதளத்தில் நிறுத்தி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஓர் அளவுகோலில் கோடு போட வேண்டும். "80 லிட்டர் டாங்கி" என்று நினைத்திருந்தது 74 லிட்டர்தான் பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரிய வரலாம். அடியில் தங்கி, இயந்திரத்துக்கு வராத பெட்ரோலும் உண்டு. அதையும் கழிக்க வேண்டும்.

அடுத்து, ஒரே இடத்தில், ஒரே கோடு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் பறந்து திரும்பி, அதே கோடு வரை மீண்டும் நிரப்ப வேண்டும். நான்கு சிலிண்டர் இயந்திரம் மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 41 லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தால், 9 லிட்டருக்குக் கணக்கு கேட்க வேண்டும். ஒரு முறை போதாது. மூன்று முறையாவது செய்து பார்க்க வேண்டும். முழு வேகத்தில் மேலே ஏறும்போது செலவு அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

நிற்கும்போதா, பறக்கும்போதா?

இரவில் அளவுகோலால் அளந்து வைத்து, காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் தரையில் நிற்கும்போதே கசிகிறது என்று பொருள். விமானப் பெட்ரோலில் பரவலாக விற்கப்படும் வகைக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். கசிந்த இடத்தில் பெட்ரோல் ஆவியாகிவிடும், நீலக் கறை மட்டும் நிற்கும். ரிவெட் தலைகள், குழாய் இணைப்புகள், அடியிலுள்ள வடிகட்டிக் கிண்ணம் ஆகியவற்றில் அந்தக் கறையைத் தேட வேண்டும்.

வெயிலும் ஒரு காரணம். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். குளிர்ந்த காலையில் விளிம்புவரை நிரப்பிய 80 லிட்டர், நண்பகலில் 20 டிகிரி சூடேறினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் காற்றுக்குழாய் வழியாகத் தரையில் கொட்டும். சில அமைப்புகளில் அதோடு நிற்காது. வாயால் உறிஞ்சிவிட்ட ரப்பர் குழாய்போல் தொடர்ந்து ஒழுகும்.

நிற்கும்போது குறையவில்லை, பறந்தால்தான் குறைகிறது என்றால் முதல் சந்தேகம் மூடியின் மேல் விழ வேண்டும். இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைவு. அதுதான் விமானத்தைத் தூக்குகிறது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், அதே சக்தி பெட்ரோலையும் உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. மூடிக்குப் பின்னால் இறக்கையில் முகப்பவுடரைத் தூவிவிட்டு, ஓடுபாதையைச் சுற்றி ஒரு வட்டம் பறந்து வந்தால் ஈரத் தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

சிலர் காற்றுக்குழாயை ஒட்டுத்தாளால் அடைத்துப் பார்க்க நினைப்பார்கள். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது, இயந்திரம் நின்றுவிடும். குளவி கூடு கட்டி அடைத்தாலும் இதே கதைதான்.

திரும்பி வரும் பெட்ரோல்

சில இயந்திரங்கள் தேவைக்கு மேல் எடுத்த பெட்ரோலை ஒரு குழாய் வழியாக டாங்கிக்குத் திருப்பி அனுப்பும். வலப்பக்கத்திலிருந்து எடுத்து, ஏற்கெனவே நிறைந்திருக்கும் இடப்பக்கத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? நிரம்பி வழிந்து காற்றில் போய்விடும். விமானி பார்ப்பதோ வலப்பக்கம் வேகமாகக் குறைவதை மட்டுமே. இன்னொன்று, போகும் பெட்ரோலை மட்டும் எண்ணி, திரும்புவதை எண்ணாத மானி செலவை அதிகமாகக் காட்டும். அங்கே காணாமல் போனது கணக்கில் மட்டும்தான்.

டாங்கியில் நுண்ணிய ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. டாங்கியைக் காலி செய்து, ஆவி முழுவதும் போன பிறகு, ஒரு துளையில் பலூனை மாட்டி மெதுவாகக் காற்றடித்து, ரிவெட் வரிசையில் சோப்பு நீர் தடவினால் குமிழி வரும். அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். பட்டறைக் காற்றுக்குழாயை நேரடியாக மாட்டினால் டாங்கியே பிளந்துவிடும். இரவில் குளிரால் பலூன் சுருங்கும், அதைக் கசிவு என்று எண்ணிப் பயப்படவும் வேண்டாம்.

"மானிதான் தப்பு"

கடைசியாக ஒன்று. அளவு திடீரென்று குறையும்போது மனித மனம் முதலில் சொல்வது, "மானிதான் தப்பு" என்பதே. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள், ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் பெரிய ஏர்பஸ் விமானம் அட்லாண்டிக் மேல் பறந்தபோது அனுபவமிக்க விமானிகளே முதலில் கணினிக் கோளாறு என்று நினைத்தார்கள். உண்மையில் வலது இயந்திரத்தில் குழாய் கிழிந்திருந்தது. இடப்பக்க எரிபொருளை அந்தப் பக்கத்துக்குத் திறந்துவிட, அதுவும் கசிந்து போனது. இரண்டு இயந்திரங்களும் நின்ற பின் மிதந்து வந்தே அசோர்ஸ் தீவில் இறங்கினார்கள். 306 பேரும் உயிர் தப்பினர்.

சிறிய விமானத்தில் அத்தனை உயரமும் இல்லை, அத்தனை நேரமும் இல்லை. ஆகவே, மானி குறைவாகக் காட்டினால் அதை நம்பி உடனே இறங்குங்கள். நிறைவாகக் காட்டினால் அதை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த 9 லிட்டர் எங்கே போனது என்று தெரியும்வரை விமானம் கொட்டகையிலேயே இருக்கட்டும். கீழே நின்று தேடுவதற்கு எவ்வளவு நாளானாலும் நட்டமில்லை.