தேவசகாயத்தின் வீட்டார்



நாம் பொங்கலிடும் தை மாதப் பிறப்பை ஒட்டி, ஜனவரி 14 அன்று மறைசாட்சி புனித தேவசகாயத்தின் திருவிழாவையும் கொண்டாடுகிறோம். சுரூபத்தில் நாம் காண்பது, விலங்கிட்ட கைகளோடு முழந்தாளிட்டுச் செபிக்கும் தனி மனிதரை. அவருக்கு ஒரு வீடு இருந்தது, மனைவி இருந்தார் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

1712இல் நட்டாலத்தில் உயர்குடியில் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் மதிப்போடு வாழ்ந்தவர். மனைவி பார்கவி அம்மாள். பயிரும் கால்நடைகளும் அழிந்து குடும்பம் தளர்ந்தபோது, டிலனாய் என்ற டச்சுத் தளபதி அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். டிலனாயும் 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர்; இழப்பு என்னவென்று அறிந்தவர். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபை குரு புத்தாரி அடிகளாரிடம் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயருக்குக் ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். அதுவே தமிழில் தேவசகாயம்.

யோபு நூலில், துன்பம் வந்தபோது மனைவியே கணவரின் நம்பிக்கையைப் பழித்தார். தேவசகாயத்தின் வீட்டில் நடந்தது வேறு. அவர் தாம் கண்டடைந்ததை மனைவிக்கு எடுத்துச் சொன்னார். பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். அதன் விலை சிறிதல்ல. உறவினரின் கோபத்துக்கு அஞ்சி, பிறந்த மண்ணை விட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்புறம் உள்ள வடக்கன்குளத்தில் குடியேறினார்.

1749இல் தேவசகாயம் கைதானார். எருமை மீது ஏற்றப்பட்டு ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. குருவோ துறவியோ அல்ல; நம்மைப் போல் குடும்பம் நடத்தியவர்.

கணவர் ஒருமுறை உயிர் கொடுத்தார். மனைவியோ, அவர் இல்லாத ஒவ்வொரு நாளும் விசுவாசத்தில் நிலைத்திருக்க வேண்டியிருந்தது. நம் வீடுகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. வெளியூர் வேலைக்குப் போன கணவருக்காகத் தனியே செபமாலை சொல்லும் மனைவி, கோவிலுக்கு வர மறுக்கும் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய், இவர்களுக்குச் சுரூபம் இல்லை. ஆனால் இறைவன் அவர்களை அறிவார்.

இன்றிரவு நம் வீட்டில் விசுவாசத்தைத் தனியே சுமப்பவர் யார் என்று பார்ப்போம். அவர் அருகில் அமர்ந்து, ஒன்றாகச் செபிப்போம்.

புனித தேவசகாயமே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.