அமுங்கினால் மட்டும் போதுமா?

காத்திவாக்கத்துப் பிள்ளைகள் எண்ணூர் கடற்கரையில் கரை ஒதுங்கிய ஒற்றை ரப்பர் செருப்பைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் மூழ்கவில்லை? அதற்குள் குட்டிக் குட்டியாக ஏராளமான காற்றறைகள் இருக்கின்றன. நீங்கள் ஓடும் ஷூவிலும் இதே வித்தைதான்!

ஷூவைப் பக்கவாட்டில் பாருங்கள். தரையைத் தொடும் ரப்பருக்கு மேலே தடிமனாக ஓர் அடுக்கு தெரியும். அதுதான் மிட்சோல். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் விழுகிறது. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 60, 90 கிலோ ஏறி மிதித்த மாதிரி! ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இப்படி ஏறத்தாழ ஆயிரம் அடி வைக்கிறோம்.

அப்படியானால் மெத்தென்று இருக்கும் எதையாவது வைத்துவிடலாமே? கூடாது. கடற்கரை மணலில் ஓடிப் பாருங்கள். மணல் அமுங்கும், நிமிராது. அதனால்தான் சீக்கிரம் களைத்துப் போகிறோம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோலும் அப்படித்தான். ஒரே அடியில் நசுங்கித் தலையைக் காப்பாற்றும். அதோடு அதன் வேலை முடிந்தது. (அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.) ஷூவுக்கோ, அடுத்த அடிக்குள் நிமிரும் பொருள் வேண்டும். கெட்டி ரப்பர் நிமிரும், ஆனால் கனம். அதனால்தான் பெரும்பாலான ஷூக்களில் ஈ.வி.ஏ. என்ற லேசான நுரைப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

அதையும் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. எடைக்கட்டியை அதன்மேல் விழவிட்டுப் பார்ப்பார்கள். பாதித் தடிமனுக்கு இறுக்கி, சூட்டில் மணிக்கணக்காக வைத்து, விட்டதும் எவ்வளவு நிமிர்கிறது என்று அளப்பார்கள். சூடு எதற்கு? வெப்பத்தில் ஈ.வி.ஏ. இளகும். மே மாதத்துத் தார்ச்சாலையை நினைத்துப் பாருங்கள்! நம் அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் காலணிகளைச் சோதிக்கிறார்கள்.

நீங்களும் சோதிக்கலாம். ஓர் அடி உயரத்திலிருந்து கோலிக்குண்டைப் பழைய செருப்பு, தெர்மாகோல், ஸ்பாஞ்ச் இவற்றின்மீது போடுங்கள். எதில் அதிகம் எழும்புகிறது என்று ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மாணவி ஒருத்தி கால் வலிக்கிறது என்று பயிற்சிக்கு வராமல் நின்றாள். ஷூ பளபளவென்று புதிதுபோல இருந்தது. திருப்பிப் பார்த்தேன். மிட்சோல் முழுக்கச் சுருக்கம். குதிகால் பக்கம் விரலால் அழுத்தினால் கல் மாதிரி! அவளுடைய அக்கா இரண்டு வருடம் போட்டு ஓடிய ஷூவாம். மேல்பாகத்தை மட்டும் தினமும் துடைத்து வைத்திருக்கிறாள்.