அதிமதுரம்: தொண்டைக்கு மருந்து, தினசரி பானம் அல்ல

அதிமதுரக் குச்சியை ஒருமுறை கடித்தவர்களுக்கு அதன் இனிப்பு மறக்காது. சர்க்கரையைப் போல நாக்கில் பட்டதும் வந்து கரைந்துபோகும் இனிப்பு அல்ல அது. முதலில் மண்வாசனையும் லேசான கசப்பும் தெரியும். கொஞ்சம் பொறுத்துத்தான் இனிப்பு எழும். எழுந்தபின் வெகுநேரம் தொண்டையிலேயே தங்கிவிடும். ‘கிளிசிரைசின்’ என்ற பொருள்தான் இதற்குக் காரணம். சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பானது. இந்த வேரின் நன்மையிலும் தீமையிலும் பெரும்பங்கு இந்த ஒரே பொருளுக்குத்தான்.

கொரோனா காலத்துக்குப் பிறகு காலையில் ஒரு டம்ளர் கஷாயம் குடிப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சுக்கு, திப்பிலி, சித்தரத்தையோடு அதிமதுரமும் அதில் கொதிக்கிறது. இருமலுக்காக நான்கு நாள் குடித்தால் நல்லது. நல்லதுதானே என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் கதை வேறு.

வெளியூரிலிருந்து வரும் வேர்

நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதால் இது நம் ஊர்ச் செடி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மத்திய தரைக்கடல் பகுதியிலிருந்து மத்திய ஆசியா வரையிலான வறண்ட நிலங்களே இதன் தாயகம். இந்தியாவுக்குத் தேவையானதில் பெரும்பகுதி ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. அவரை, துவரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. மூன்று நான்கு ஆண்டுகள் வளர்ந்தபின் வேரைத் தோண்டி எடுப்பார்கள். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், வறட்டு இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் இந்த இனிப்பு வேர் உதவும் என்று எழுதிவைத்தார். சித்த மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி, சீன மருத்துவம் என எல்லா மரபுகளும் இதைக் கைக்கொண்டிருக்கின்றன.

தொண்டையில் நடப்பது என்ன?

சிறு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் உமிழ்நீர் ஊறும். வேரின் சாறு, வறண்டு புண்ணான தொண்டைச் சவ்வின் மேல் மெல்லிய படலமாகப் படியும். வீக்கத்தைத் தணிக்கும் தன்மையும் அதற்கு உண்டு. குரலை நம்பிப் பிழைக்கும் பாடகர்களும் மேடைப் பேச்சாளர்களும் இதைக் கையோடு வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

பாட்டி வைத்தியம் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவார்கள். அதனால் கண்விழித்த பிறகு தொண்டை வலிக்கும். வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 236 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை அதிமதுர நீராலும் மற்றவர்களைச் சர்க்கரை நீராலும் சிகிச்சைக்கு முன் வாய் கொப்பளிக்கச் செய்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, அதிமதுர நீரால் கொப்பளித்தவர்களுக்குத் தொண்டை வலி வெகுவாகக் குறைந்திருந்தது. பயன்படுத்திய அளவு அரை கிராம் மட்டுமே. அதையும் விழுங்கவில்லை, கொப்பளித்துத் துப்பினார்கள். தொண்டைக் கரகரப்புக்கு நானும் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

வயிற்றுப்புண்ணும் ஒரு டச்சு மருத்துவரும்

1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், அதிமதுரச் சாற்றால் இரைப்பைப் புண் ஆறுவதைக் கவனித்தார். 1946இல் அதைப் பற்றி எழுதியபோது ஒரு விஷயத்தை மறைக்காமல் சேர்த்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின. தலைவலியும் மூச்சுத்திணறலும் வந்தன. பின்னர் 1960களில் இந்த வேரின் சத்திலிருந்து ‘கார்பெனாக்சோலோன்’ என்ற அல்சர் மாத்திரை இங்கிலாந்தில் உருவானது. அதிலும் அதே வீக்கம், அதே பொட்டாசியக் குறைவு. நல்ல மாற்று மாத்திரைகள் வந்ததும் அது பின்னுக்குப் போனது.

இன்று அல்சருக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்று தெரியும். அதற்கு முறையான மருந்து இருக்கிறது. வயிற்றுவலியை அதிமதுரப் பொடியால் அமுக்கிவைத்துக்கொண்டு நாளைக் கடத்துவது தவறு.

பிரஷர் ஏறுவது எப்படி?

உடலில் உப்பை இருத்திவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் அதே பூட்டைத் திறக்கும் சாவிதான். ரத்தத்தில் அது ஆல்டோஸ்டிரோனைவிடப் பல மடங்கு அதிகம். அது நுழைந்துவிடாதபடி சிறுநீரகத்தில் ஒரு நொதி காவல் நிற்கிறது. கார்ட்டிசாலைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது. அதிமதுரம் அந்தக் காவலைத்தான் முடக்குகிறது. 1987இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள்.

விளைவு: உப்பும் நீரும் உடலில் தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கால் வீக்கம், தலைவலி, தசைத் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை அறிகுறிகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் சில வாரங்களாகத் தினமும் ஒன்றரைப் பை அதிமதுர மிட்டாய் தின்றுவந்தார். பொட்டாசியம் அபாய அளவுக்கு இறங்கி, இதயம் நின்று இறந்துபோனார். 2020இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது.

எவ்வளவு, எத்தனை நாள்?

கிளிசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது ஐரோப்பிய அறிவியல் குழுவின் கருத்து. வேரில் அது 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால்கூட, 3 கிராம் பொடியில் 120 மில்லிகிராம் இருக்கும். ஒரு தேக்கரண்டியிலேயே எல்லை கடந்துவிடுகிறது. ஆகவே வீட்டு வைத்தியத்துக்கு விரல் நுனி அளவு துண்டு, அல்லது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான பொடி போதும். நான்கைந்து நாளில் இருமல் அடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை உட்கொள்ளவே வேண்டாம். ‘நீர் மாத்திரை’, டிகாக்சின், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். கர்ப்பிணிகள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அதிமதுர மிட்டாய் விரும்பித் தின்னும் நாடான பின்லாந்தில், கர்ப்ப காலத்தில் நிறைய உட்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்ததை ஹெல்சிங்கி ஆய்வு ஒன்று கண்டது. அந்நாட்டு அரசே கர்ப்பிணிகளுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

வாங்கும்போது

பொடியைவிடக் குச்சியாக வாங்குங்கள். மேலே பழுப்பும் உள்ளே மஞ்சளுமாக, நார் நாராக இருக்க வேண்டும். குன்றிமணிக் கொடியின் வேரும் இனிக்கும் என்பதால் அதை அதிமதுரத்துக்கு மாற்றாக விற்பதுண்டு. குன்றிமணி விதை கொடிய நஞ்சு. அந்தக் கொடியின் வேரோடு நமக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

கஷாயம் மருந்தல்ல என்ற எண்ணத்தில் பலர் அதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. மாத்திரை கூட்டியும் பிரஷர் இறங்காமல் இருந்தால், அடுத்தமுறை மருந்துச் சீட்டோடு வீட்டில் குடிக்கும் கஷாயத்தில் என்னென்ன சேருகிறது என்பதையும் எழுதி எடுத்துப் போய்க் காட்டுங்கள்.