முக்தி பண்ணையும் நம் வீட்டு அடுக்களையும்



விமான் நகரிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கும் நம்முடைய விசுவாசக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது, ஜெபம் முடிந்து தேநீர் வரும் வேளையில் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்துக்கு வந்து சேருகிறது. "பாஸ்டர், சம்பளம் வரத்தான் செய்கிறது. இருபதாம் தேதிக்குமேல் கையில் ஒன்றும் நிற்பதில்லை." வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வங்கித் தவணை, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம், கோடையில் தண்ணீர் லாரிக்கென்று சொசைட்டி வாங்கும் தொகை என்று கணக்கு நீளுகிறது. இதைச் சொல்லுகிறவர்கள் ஊதாரிகள் அல்லர். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, இரவுப்பணி செய்து, உண்மையாய் உழைக்கிறவர்கள்.

ஆசீர்வாதத்தைக் குறித்து நம்முடைய மேடைகளில் அதிகம் பேசுகிறோம். சிக்கனத்தைக் குறித்துப் பேச ஏனோ கூச்சப்படுகிறோம். சிக்கனம் என்றால் அவிசுவாசம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அப்படி நினைக்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம் தொலைவில் இல்லை. புனேயிலிருந்து தௌண்டு செல்லும் ரயில் பாதையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில், கேட்காவ் என்ற ஊர் இருக்கிறது. பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய முக்தி இல்லம் அங்கேதான் இன்றும் இயங்குகிறது. 1905-ஆம் ஆண்டு அங்கே உண்டான எழுப்புதலைப் பற்றி நம்மில் பலர் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். எழுப்புதல் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த நிலத்தில் ஒரு பண்ணை எழுந்ததையும், கிணறு வெட்டி மரம் நட்ட கைகள் இருந்ததையும் நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை.

பாத்திரத்தை விற்ற குடும்பம்

ரமாபாய் 1858-இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், கங்காமூலா என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்றிருந்த அக்காலத்தில் தம் மனைவிக்கே அதைக் கற்பித்தவர். குடும்பம் ஊர் ஊராய், கோவில் கோவிலாய் நடந்து, புராணம் வாசித்து, கிடைத்த காணிக்கையில் பிழைத்தது. கையிலிருந்ததைத் தானம் செய்தால் புண்ணியம் பெருகும், செல்வம் திரும்பி வரும் என்று நம்பினார்கள்.

1870-களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பற்றியது. அப்போதும் தானம் நிற்கவில்லை. நகைகள், நல்ல உடைகள், வெள்ளிச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. கடைசியில் செம்பு, பித்தளைச் சமையல் பாத்திரங்களையும் விற்றார்கள். அந்தப் பணமும் தானமாகவே போயிற்று. எல்லாம் தீர்ந்தபின் கூலிவேலை செய்யலாம் என்றால், அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் எந்த வேலையும் தெரியாது. குலப் பெருமையும் கல்விப் பெருமையும் குனிந்து உழைக்கவிடவில்லை. கையேந்தவும் நாணம் இடங்கொடுக்கவில்லை. திருப்பதிக்கு அருகிலுள்ள காட்டில் பதினோரு பகலும் இரவும் தண்ணீரும் இலையும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமும் மாத்திரமே ஆகாரமாகக் கிடந்தார்கள் என்று பின்னாளில் ரமாபாய் எழுதினார். தகப்பனார் மரித்தார். தாயாரும் தமக்கையும் அவரைத் தொடர்ந்தார்கள். மீந்த அண்ணனும் தங்கையும் வடக்கே நடந்துபோனார்கள். ஜீலம் நதிக்கரையில், போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல், கல்லறைபோல் மணலில் குழி தோண்டி, அதற்குள் படுத்து, தலையை மட்டும் வெளியே விட்டு மணலால் மூடிக்கொண்டு குளிர் இரவைக் கழித்திருக்கிறார்கள். உப்புப் போட்டு ஊறவைத்த ஒரு பிடி தானியமே உணவு.

இதை நான் விரிவாகச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. பிற மதத்தாரின் குறையைக் காட்டுவதற்காக அல்ல. கொடுத்தால் பலமடங்காய்த் திரும்பும் என்ற எண்ணத்தில், அடுப்புப் பாத்திரத்தை விற்றுக் கொடுக்கும் பழக்கம் நம் நடுவிலும் வேறு உருவத்தில் நுழைந்திருக்கிறது. கிரெடிட் கார்டைத் தேய்த்துப் பொருத்தனைக் காணிக்கை செலுத்தியவர்களை நான் அறிவேன். கடன் வாங்கி வாக்குப்பண்ணின தொகையைக் கட்டிவிட்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு மறுபடியும் கடன் வாங்குகிறார்கள். இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் மெச்சினாரே என்று கேட்பீர்கள். அவள் போட்டது தன்னுடைய காசு. வட்டிக்கு வாங்கி அவள் காணிக்கைப் பெட்டிக்கு வரவில்லை. ஒரு போதகனாக இருந்துகொண்டே சொல்லுகிறேன்: கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தாதிருங்கள்.

பத்து வருஷக் கெடு

ரமாபாய் கல்வியால் புகழ்பெற்று, மணந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் விதவையாகி, 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889-இல் பம்பாயில் சாரதா சதன் என்ற பெண்கள் விடுதியைத் தொடங்கி, மறு ஆண்டில் அதைப் புனேவுக்கு மாற்றினார். அமெரிக்க நண்பர்கள் பத்து ஆண்டுகளுக்கு உதவுவதாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு என்ன செய்வது என்று, பணம் வந்துகொண்டிருந்த நாட்களிலேயே ரமாபாய் யோசித்தார். அதுவே என்னை மிகவும் தொட்ட காரியம். 1890-களின் நடுவில் கேட்காவில் நிலம் வாங்கினார். பண்ணை ஏறத்தாழ நூறு ஏக்கர் அளவுக்கு விரிந்தது. கிணறு வெட்டினார். ஆரஞ்சு, எலுமிச்சை, மா முதலிய பழமரங்களை நட்டார். வெளிநாட்டுக் காசு நின்றுபோகும் நாளில் மரங்கள் காய்க்கத் தொடங்கியிருக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு.

நமக்கும் கெடு வைத்த வருமானம்தான். ஒப்பந்த வேலை முடியும், நிறுவனம் ஆட்களைக் குறைக்கும், ஐம்பதைத் தாண்டினால் புது வேலை கிடைப்பது அரிதாகும். சம்பளம் வரும் நாட்களில் நட்ட மரம் எது என்று ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து பேசலாம்.

பழமரங்கள் பலன் கொடுக்குமுன்னே பஞ்சம் வந்துவிட்டது. 1896-97-இல் மத்திய மாகாணம் வறண்டபோது ரமாபாய் நேரில் சென்று, சுமார் முந்நூறு பெண்பிள்ளைகளை அழைத்துவந்தார். அதே சமயத்தில் புனேயில் பிளேக் நோய். அவர்களை நகரத்தில் வைத்திருக்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. கேட்காவ் பண்ணையில் கூடாரமும் புல் குடிசையும் போட்டு அவர்களைக் குடியேற்றினார். முக்தி இல்லம் உண்டான விதம் இதுவே. (பஞ்சகாலத்து நினைவுச்சின்னம் ஒன்றை விமான் நகர்வாசிகள் அடிக்கடி கடந்துபோகிறோம். நகர் ரோட்டிலுள்ள ஆகாகான் மாளிகை 1892-இல் பஞ்சத்தில் வாடினவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது என்பார்கள்.)

1900-இல் குஜராத் பஞ்சத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர, முக்தியில் இருந்தவர்கள் 2,000-ஐ நெருங்கினார்கள். அவ்வருஷம் மழையும் இல்லை. மனிதர், கால்நடை, காய்கறித் தோட்டம் எல்லாவற்றுக்கும் இரண்டு கிணறுகளிலிருந்தே இறைத்தார்கள். மாலையில் கிணற்றின் அடித்தரை தெரியும். காலையில் அன்றைக்கு வேண்டிய தண்ணீர் ஊறி நிற்கும். ரமாபாய் இதைக் கர்த்தருடைய கிருபை என்று சாட்சியாய் எழுதிவைத்தார். நானும் அப்படியே விசுவாசிக்கிறேன். அந்தக் கிணறுகள் பஞ்சத்துக்கு முன்பே வெட்டப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்தே வாசிக்கிறேன்.

கைகளுக்கு ஒரு வேலை

வேலை அறியாமையால் தன் குடும்பம் அழிந்ததைக் கண்ட ரமாபாய், முக்தியில் ஒருவரையும் வேலை கற்காமல் விடவில்லை. மாவரைத்தல், சமையல், சலவை, பால்பண்ணை, தோட்டவேலை, நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல், அச்சுக்கோர்த்தல் எல்லாம் அங்கே நடந்தன. ஈயம் பூசுவது இக்காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பூச்சுப் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிச்சாறு வைத்தால் களிம்பு ஏறி நஞ்சாகும். ஆகவே அவ்வப்போது உள்ளே ஈயம் பூசவேண்டும். விலைகொடுத்துச் செய்வித்த அந்த வேலையைப் பெண்கள் தாங்களே செய்தார்கள். பாத்திரங்களை விற்ற வீட்டின் மகள் இப்படிப் பாத்திரங்களைப் பாதுகாக்கக் கற்றுக்கொடுத்தார்.

பார்வையற்றவர்களுக்கென்று பர்திமேயுவின் பெயரில் ஒரு வீடு இருந்தது. ரமாபாயின் மகள் மனோரமா பிரெயில் எழுத்தைக் கற்று அவர்களுக்குப் போதித்தார். ஐயாயிரம் பேர் உண்டபின் மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்ன ஆண்டவரின் கட்டளையை (யோவான் 6:12) முக்தியில் மனிதருக்கும் பொருத்தினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1905 ஜூன் கடைசியில், எழுப்புதல் தொடங்கின இரவில் நடந்த ஒன்றை மினி ஏப்ராம்ஸ் அம்மையாரின் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். ஒரு பெண்ணின்மேல் அக்கினி இறங்கியதைக் கண்ட இன்னொருத்தி, அவள் மெய்யாகவே எரிகிறாள் என்று எண்ணி, ஒரு வாளித் தண்ணீரை எடுக்க ஓடினாளாம். அந்த வாளியை நான் நினைத்துக்கொள்வதுண்டு. நாள்தோறும் கிணற்றடியில் இருந்த பெண்ணுக்கு, வாளி எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரிந்திருந்தது. ஏப்ராம்ஸ் அம்மையார் 1906-இல் எழுதிய சிறு புத்தகம் சிலி தேசத்துக்குப் போய், 1909-இல் அங்கே வால்பரைசோ நகரத்து எழுப்புதலுக்கு ஒரு தூண்டுதலாயிற்று.

நம் அடுக்களைக்கு வருவோம்

நமக்குப் பண்ணையில்லை. இரண்டு படுக்கையறையும், துணி காயப்போட ஒரு பால்கனியும் உண்டு. அதில் செய்யக்கூடியது கொஞ்சமல்ல.

முதலாவது, இந்த மண்ணின் தானியத்தைப் பழகுங்கள். ஊரிலிருந்து பொன்னி அரிசி வரவழைக்கும் நாம், இங்கே மூலைக்கடையிலும் கிடைக்கும் ஜ்வாரியைக் கண்டும் காணாமல் போகிறோம். அது வேறொன்றுமல்ல, நம் தாத்தாமார் உண்ட சோளம்தான். பாஜ்ரி என்பது கம்பு. சோளமாவில் கோதுமையைப் போன்ற பசைத்தன்மை இல்லை. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விரிசல்விடும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாய்த் தேய்த்துப் பிசைந்து, தட்டித் தட்டிப் பரப்பினால் பாக்கரி வரும். எண்ணெய் வேண்டாம். கடலைமாவில் செய்யும் பிட்லாவும் ஒரு பச்சை வெங்காயமும் இருந்தால் ஒரு வேளை உணவு முடிந்தது. பக்கத்து வீட்டு மராத்திய ஆஜியிடம் கேளுங்கள். பாக்கரி தட்டக் கற்றுக்கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. சர்க்கரை நோயுள்ளவர்கள் சோளம்தானே என்று எண்ணி நான்கைந்து உண்ணக்கூடாது, அதுவும் மாவுச்சத்தே. அம்பாடி என்று விற்பது நம் புளிச்சகீரை. மேத்தி என்பது வெந்தயக்கீரை. பெயர் தெரியாததால் வாங்காமல் விட்ட கீரைகள் பல.

ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். அரிசி, காய் கழுவிய தண்ணீர் பால்கனியின் கறிவேப்பிலைக்கும் புதினாவுக்கும் போகட்டும். ஓலா கச்ரா என்று தனியே பிரித்துக் கொடுக்கும் காய்த்தோலை, காய்ந்த இலையோடு கலந்து துளையிட்ட தொட்டியில் மூடிவைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும். கைபேசியில் விரலால் தொட்டு வரவழைக்கும் இரவு உணவைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. மாதக் கடைசியில் அந்தச் செலவை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் உண்டபின் மீந்ததை மட்டும் உண்பதும், தலைச்சுற்றலைச் சொல்லாமல் மறைப்பதும், இரத்த அழுத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் சிக்கனம் ஆகாது. பஞ்சத்திலிருந்து மீட்ட பிள்ளைகள் வந்தபோது முக்தியில் முதலில் வேண்டியிருந்தது பராமரிப்பே: குளிப்பாட்டுதல், புண்ணுக்கு மருந்து, சுத்தமான துணி. நெடுநாள் பட்டினி கிடந்த வயிற்றுக்குத் திடீரென்று முழுச்சோறு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகவே உணவைக் கூட்டவேண்டும். வாழ்நாளெல்லாம் வெள்ளைப் பருத்திச் சேலையும் மரக்கறி உணவுமாக இருந்த ரமாபாய், மற்றவர்களின் சரீரத்தை அற்பமாக எண்ணவில்லை. இரவுப்பணி முடித்துவரும் சகோதரர்களும் உறக்கத்தைக் குறைத்துக் கூடுதல் பணம் சேர்ப்பதில் லாபம் காணவேண்டாம். ஊழியம் செய்து களைத்த சீஷரை ஆண்டவர் இளைப்பாறத் தனியே அழைத்தார் (மாற்கு 6:31).

எபிரெயம், கிரேக்கம் கற்று, எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்த ரமாபாய், 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முக்தியின் பெண்கள் தங்கள் அச்சகத்திலேயே அந்த வேதாகமத்தை அச்சிட்டார்கள். 1924-இல் அது வெளிவந்தது.

கேட்காவைப் பார்த்துவர விரும்பும் குடும்பங்கள் புனே ஸ்டேஷனில் தௌண்டு செல்லும் வண்டி ஏறலாம். எல்லா வண்டியும் கேட்காவில் நிற்பதில்லை. நிற்கும் வண்டியா என்று விசாரித்து ஏறுங்கள். அது இன்றும் பெண்களும் பிள்ளைகளும் குடியிருக்கும் இல்லம். முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்லவேண்டும். மதிய உணவை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள்.