வாழைப்பழம் மஞ்சளா?

"வாழைப்பழம் மஞ்சள் நிறம்." சரியா, தவறா?

நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை என்றால் கொஞ்சம் திணறும். செவ்வாழை சிவப்பு, பச்சைப்பழத்துக்கோ பெயரிலேயே நிறம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. வாழைப்பழத்தைப் பற்றி நிறையத் தெரிந்திருப்பதுதான் சிக்கல். வாசிப்பை அளக்கும் தேர்வில் இப்படி ஒரு வாக்கியம் நுழைந்தால், விவரமான பிள்ளைக்குத்தான் மதிப்பெண் குறையும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேசன் யீட்மேன் குழுவினர் 'ரோர்' என்ற இணையவழி வாசிப்புத் தேர்வை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி இப்படிச் சரியா, தவறா என்று கேட்பதுதான். திரையில் சின்னச் சின்ன வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வரும்; மூன்று நிமிடத்துக்குள் எத்தனை முடிகிறதோ அத்தனைக்கும் விடை சொல்ல வேண்டும். சரியான விடைகளிலிருந்து தவறானவற்றைக் கழித்தால் மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவருக்கு லாபமில்லை. காதால் கேட்டால் எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடும் அளவுக்கு வாக்கியங்கள் எளிமையாக இருக்க வேண்டும். அப்போதுதான் எழுத்தைக் கண் எவ்வளவு விரைவாகப் பற்றுகிறது என்பது மட்டும் தனியே தெரியும்.

ஆண்டுக்குப் பலமுறை இந்தத் தேர்வை வைத்தால், பிள்ளைகளுக்கு வாக்கியங்கள் மனப்பாடம் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் புதுத் தொகுப்பு வேண்டும். அது பழையதைப் போலவே, அதைவிடக் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், கடினமாக இருக்க வேண்டும். முதல் தாள் எளிது, அடுத்தது கடினம் என்றால், முன்னேறிய பிள்ளையும் பின்தங்கியதாகவே தெரியும். அதனால் வல்லுநர்கள் வாக்கியங்களை எழுதி, ஏராளமான மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்துத்தான் தரப்படுத்துவார்கள். பணமும் நேரமும் கரையும் வேலை.

2023இல் எரிக் செலிக்மேன், வான்ஜிங் மா உள்ளிட்டோர் யீட்மேனுடன் சேர்ந்து இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வாக்கியங்களை எழுதியது ஜிபிடி-4 என்ற மொழி மாதிரி. அது பெரிய விஷயமல்ல. கேட்டால் அந்த இயந்திரம் ஆயிரம் வாக்கியங்களைக் கொட்டும். எந்த வாக்கியம் ஒரு பிள்ளையிடம் இரண்டு விநாடி வாங்கும், எது ஐந்து விநாடி வாங்கும் என்று யார் சொல்வது? அதற்கு அவர்கள் இன்னொரு மொழி மாதிரியைப் பழக்கினார்கள். பாடப்புத்தகத்தைக் கொண்டு அல்ல. ஏற்கெனவே தேர்வெழுதிய மாணவர்களின் விடைகளையும், அவற்றுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தையும் கொண்டு. ஒரு மாணவர் சில வாக்கியங்களுக்கு எப்படி விடையளித்தார் என்று காட்டினால், அவர் இதுவரை பார்த்திராத வாக்கியத்தில் என்ன செய்வார் என்று அது கணிக்கும். தேர்வு எழுதுகிற பாவனை மாணவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பிறகு பழைய தாளுக்கு நிகரான கடினத்தில் புது வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பழைய வாக்கியங்களுக்கு நிகரான புதியவற்றை இணைசேர்க்கக் கைகொடுத்த கணக்கு பழையது: ஓரிடத்து மண்ணை இன்னோரிடத்துக்குக் குறைந்த உழைப்பில் கொண்டுபோவது எப்படி என்று பிரெஞ்சுக் கணிதவியலர் காஸ்பர் மோன்ஜ் 1781இல் கேட்ட கேள்வியிலிருந்து வளர்ந்தது.

2 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான 234 மாணவர்களுக்குப் புதுத் தாளைக் கொடுத்தார்கள். வல்லுநர்கள் எழுதிய தாளின் மதிப்பெண்களோடு அதன் மதிப்பெண்கள் 0.93 அளவுக்கு ஒத்துப்போயின. 1 என்றால் முழுப் பொருத்தம். நல்ல எண்தான். ஆனால் இந்தத் தேர்வு அளப்பது வேகத்தை. கதையின் உட்பொருள் பிள்ளைக்குப் புரிந்ததா என்பது வேறு தேர்வு.

இதை அப்படியே தமிழுக்குப் பெயர்த்துவிட முடியுமா? ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக நிற்பது நமக்கு 'மரத்திலிருந்து' என்று ஒரே சொல். வீட்டில் 'மழ பெய்யுது' என்கிற பிள்ளை தாளில் 'மழை பெய்கிறது' என்று வாசிக்கிறது. இந்த இடைவெளியைக் கடக்க அதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பது ஆங்கிலப் பிள்ளைகளின் பதிவுகளில் கிடைக்காது. நம் வகுப்பறைகளில் வாசிக்கும் பிள்ளைகளின் விடையும் நேரமும் சேர்ந்தால்தான் தமிழுக்கு ஒரு பாவனை மாணவர் பிறப்பார்.

ஆகவே ஆசிரியர்களே, செயற்கை நுண்ணறிவு தயாரித்த தமிழ் வாசிப்புத் தேர்வு என்று யாராவது கொண்டுவந்தால், எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று கேட்காதீர்கள். எத்தனை தமிழ்ப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.