செத்த காடையைத் தூக்கி எறியாதீர்கள்

காடை தன் நோயை முடிந்தவரை மறைக்கும். தீவனம் போடும்போது ஓடி வராமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி மூலையில் குன்றி நிற்கிறதா? நோய் அப்போதே முற்றியிருக்கும். அதனால் பறவையைவிட அதன் எச்சத்தைத் தினமும் பாருங்கள். ரத்தம் கலந்திருந்தால் ரத்தக்கழிச்சல் என்று சந்தேகப்படலாம். ஆம்ப்ரோலியம் மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் கேட்கும்.

வெள்ளையாக, தண்ணீராகக் கழிந்தால் குடற்புண் நோயாக இருக்கலாம். கிளாஸ்ட்ரிடியம் கொலைனம் என்ற நுண்ணுயிரால் வரும் இந்த நோய் காடையை மிக எளிதில் பிடிக்கும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே காடை நோய்தான். வேகமாகத் தாக்கும்போது நல்ல சதைப்பிடிப்போடு, இரைப்பையில் தீவனம் இருக்கும்போதே காடை செத்துக் கிடக்கும். வயிற்றைத் திறந்தால், குடலின் வெளிப்பக்கத்திலேயே மஞ்சள் நிறப் புண்கள் வட்டவட்டமாகத் தெரியும். ஈரலிலும் மஞ்சள் திட்டுகள் இருக்கும். இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும்; ரத்தக்கழிச்சல் மருந்து இதைத் தீர்க்காது. கடையில் கேட்டு எதையோ வாங்கி ஊற்றுவதில் நாலு நாள் போனால் கூண்டே காலியாகிவிடும்.

எனவே முதல் காடை செத்ததுமே அதைக் கையுறை போட்டு எடுத்து, பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் உறுப்புகள் கெட்டு, எதுவும் தெரியாமல் போகும். நம் ஆமத்தூரிலிருந்து விருதுநகர் மருந்தகம் பக்கம்தான். திருப்பரங்குன்றத்திலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரே நாளில் பல காடைகள் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும். அப்போது எதையும் தொடாமல், எங்கும் கொண்டுபோகாமல், 1962-க்குப் போன் போடுங்கள்.

குன்றி நிற்பதை உடனே தனியே பிரித்து வையுங்கள். குடற்புண் கிருமி மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். கம்பிவலைத் தரைக் கூண்டில் எச்சம் கீழே விழுந்துவிடுவதால் பாதி ஆபத்து குறையும். தரையில் கடலைத்தோல் பரப்புகிறவர்கள் அதில் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூசணத்தால் நுரையீரல் கெட்டு வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் குஞ்சுக்குப் பலன் தரும் மருந்து இல்லை.

வெடிச்சத்தம் கேட்கும் நம் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் மிரளும் காடை நேர் மேலே எகிறி, கூரையில் தலையை மோதிக்கொள்ளும். தலைக் காயம், கழுத்துக் கோணல் எல்லாமே நோய் அல்ல. ஆனால் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட்டிலும் கழுத்து திருகும். கூண்டின் மேல்பக்கத்துக்குத் துணிவலை கட்டிவிட்டால் மோதல் காயம் குறையும். அதன்பிறகும் கழுத்து திருகினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆன்டிபயாடிக் கொடுத்த நாட்களிலும், அதன்பின் மருத்துவர் சொல்லும் கெடு முடியும் வரையிலும் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம்.