இலவசம்தான், விலாசம் என்ன?

இலங்கையில் ஒரு பிள்ளையின் கல்வி அரிச்சுவடியில் தொடங்குவதில்லை. ஒரு ஃபைலில் தொடங்குகிறது. வீட்டு உறுதி, வாக்காளர் இடாப்பின் பிரதிகள், மின்கட்டண, நீர்க்கட்டணச் சிட்டைகள் என்று பெற்றோர் அதைப் பல ஆண்டுகளாக நிரப்பி வருவார்கள். நகரத்துப் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றில் முதலாம் தரத்துக்கு இடம் கேட்பவர்கள் முதலில் நிரூபிக்க வேண்டியது தங்கள் பிள்ளையின் கெட்டித்தனத்தை அல்ல, வீடு இருக்கும் இடத்தை. முதலாம் தர இடங்களில் பாதி, பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு உரியது. அண்மை என்பதையும் கணக்குப் போட்டே பார்க்கிறார்கள். வீட்டுக்கும் கேட்கிற பாடசாலைக்கும் நடுவில் வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால், அப்படியான ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கையருக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. பிள்ளை பிறந்த கையோடு பெரிய பாடசாலை ஒன்றின் மதிலோரத்தில் வாடகை வீடு தேடும் தம்பதிகளைக் கொழும்பிலும் கண்டியிலும் காணலாம்.

அதே நாட்டில், பிள்ளை வந்தால் போதும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பாடசாலைகளும் உண்டு. பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் ஆயிரத்துக்கும் அதிகமானவற்றில் மொத்த மாணவர் தொகை ஐம்பதைத் தொடாது. இரண்டு வகையிலும் வகுப்புக் கட்டணம் கிடையாது. பாடநூல் 1980 முதல் இலவசம், சீருடைத் துணி 1993 முதல் இலவசம். இந்தப் படிப்புக்குப் பணம் கேட்பதில்லை. விலாசம் கேட்கிறார்கள். முதலாம் தரத்தில் கேட்ட அதே கேள்வியைப் பல்கலைக்கழக வாசல் வரை, வேறு வேறு படிவங்களில், திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

இலவசம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலேயர் காலத்தில் சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் உத்தியோகத்துக்கு வழி திறந்த ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் இருந்தது. அரசாங்க சபையில் 1931 முதல் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா, தாம் தலைமை வகித்த விசேட குழுவின் அறிக்கையை 1943இல் முன்வைத்தார். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்ற அதன் கொள்கை 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கிராமங்களுக்குள்ளே மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்ததும் அவர் காலத்தில்தான். பிறகு 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மதசபைகள் நடத்திய உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. மலையகத் தோட்டப் பாடசாலைகள் இந்த வட்டத்துக்குள் வந்தது அதற்கும் பிந்தி, 1970களின் கடைசியில் இருந்துதான். ஒரே அறையில், ஒரே ஆசிரியரோடு ஐந்தாம் வகுப்பு வரை ஓடிக்கொண்டிருந்த தோட்டப் பள்ளிகள் அவை. இலவசக் கல்வி நாட்டின் எல்லா மூலைக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்ததாக எழுதுகிறவர்கள் இந்த முப்பது ஆண்டு இடைவெளியை மறந்துவிடுகிறார்கள்.

இன்றைய அமைப்பு பதின்மூன்று தரங்கள் கொண்டது. ஐந்து வரை ஆரம்பப் பிரிவு, ஆறு முதல் ஒன்பது வரை கனிஷ்ட இடைநிலை, பத்தும் பதினொன்றும் சாதாரண தரம், பன்னிரண்டும் பதின்மூன்றும் உயர்தரம். ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை கட்டாயக் கல்வி. ஏறத்தாழ நானூறு தேசியப் பாடசாலைகள் நேரே கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. மற்றவை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் மாகாண சபைகளின் பொறுப்பில் உள்ளன.

பத்து வயதில் முதல் பெரிய பரீட்சை: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில். திறமையிருந்தும் வசதியில்லாத பிள்ளைக்கு உதவித்தொகையும் நல்ல பாடசாலையில் இடமும் தேடிக்கொடுப்பதற்காக ஏற்பட்டது. இப்போது ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளி பெரும்பாலானோருக்கு எட்டுவதில்லை. அந்தப் புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகையில் போட்டு வாழ்த்துகிறோம், நாங்களும் சேர்ந்துதான். பத்து வயதில் 'தோற்றுப்போன' மற்றப் பிள்ளைகளைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வரி வருவதில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பரீட்சை பிள்ளையை விடப் பெற்றோரைத்தான் அதிகம் சோதிக்கிறது. மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. அதற்குக் கட்டணம் உண்டு.

பதினொன்றாம் தரத்தின் முடிவில் சாதாரண தரம். ஒன்பது பாடங்கள். சமயம், முதல்மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு ஆறும் எல்லோருக்கும் பொது; மூன்று தெரிவு. முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் இருந்தால்தான் உயர்தரம் படிக்கலாம். நால்வரில் ஒருவருக்கு அது வாய்ப்பதில்லை.

உயர்தரத்துக்குத் தகுதி பெற்ற பிள்ளை அடுத்து எந்தப் பிரிவை எடுக்கும்? டொக்டர், இன்ஜினியர் கனவுக்கு உயிரியல் பிரிவு, கணிதப் பிரிவு. அடுத்து வர்த்தகம், கலை. 2013 முதல் தொழினுட்பப் பிரிவும். இதைப் பிள்ளையின் விருப்பம் என்றுதான் சொல்லுவோம். ஆனால் பாடசாலைகளுக்கு வகை இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் '1ஏபி' பாடசாலைகள் நாடு முழுவதும் சுமார் ஆயிரம், அதாவது பத்தில் ஒன்று. '1சி'யில் கலையும் வர்த்தகமும் உண்டு. வகை இரண்டு பதினொன்றாம் தரத்தோடு முடிந்துவிடும். வகை மூன்று ஆரம்பப் பாடசாலை. இரசாயனவியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையின் ஊரில் '1சி' மட்டுமே இருந்தால், காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அல்லது நகரத்தில் விடுதி தேட வேண்டும். இரண்டும் இயலாத பிள்ளை கலைப்பிரிவில் சேரும். பெறுபேறு வந்ததும், நாட்டில் கலைப் பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள் என்று பத்தி எழுதத் தொடங்குவோம்.

உயர்தரம் மூன்று பாடம், மூன்று தடவை எழுதலாம். இரண்டாம் தடவை எழுதுவதற்கு மாணவர் பேச்சில் 'செக்கன்ட் ஷை' என்று பெயர். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, பலருக்கு அதுதான் முதல் திட்டமே. ஆண்டுதோறும் தோற்றுவோர் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோர் ஏறத்தாழ அறுபது சதவீதத்தினர். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது நாற்பதாயிரம் தொடக்கம் நாற்பத்தையாயிரம் பேருக்கு.

அந்த நாற்பதாயிரம் பேரை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்பதுதான் இந்த நாட்டின் மிகச் சிக்கலான கணக்கு. முதலில் இசட் புள்ளி. வெவ்வேறு பாடம் எடுத்தவர்களின் புள்ளிகளை அப்படியே கூட்டினால், இலகுவான வினாத்தாள் கிடைத்தவர் முந்திவிடுவார். ஆகவே 2000களின் தொடக்கத்திலிருந்து, ஒருவரின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுக்கிறார்கள். ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்றால், 70 எடுத்தவரின் இசட் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 10 என்றால், 75 எடுத்தவரின் இசட் 1.5. எழுபத்தைந்து எழுபதுக்குப் பின்னால் நிற்கிறது. மூன்று பாடத்தின் சராசரியை நான்கு தசமதானம் வரை கணிக்கிறார்கள். நான்காம் தானத்தில் மருத்துவபீடம் கைநழுவிப் போனவர்கள் உண்டு. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களை ஒன்றாகக் கலந்து கணித்ததால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்து, தனித்தனியே திரும்பக் கணிக்கச் சொன்னது.

இசட் புள்ளி மட்டும் போதாது. அதற்குமேல் விலாசம். ஒரு பாடநெறிக்கு ஆயிரம் இடம் என்று வைத்துக்கொள்வோம். நானூறு இடங்கள் அகில இலங்கைத் தகுதி ஒழுங்கில் போகும். ஐந்நூற்றைம்பது இடங்களை இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பங்கிடுவார்கள். எஞ்சிய ஐம்பது, கல்வியில் பின்தங்கியவை எனப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். கலை போன்ற சில பாடநெறிகளுக்கு மட்டும் இந்தப் பங்கீடு கிடையாது. இதனால்தான் ஒரே மருத்துவபீடத்து விரிவுரை மண்டபத்தில் ஒருவருக்குப் பக்கத்தில் அவரைவிடக் குறைந்த பெறுபேறு உடையவர் இருக்க, அந்தக் குறைந்த புள்ளியையே கொழும்பு மாவட்டத்தில் எடுத்த இன்னொருவர் வீட்டில் இருப்பார்.

இது நியாயமா? தமிழ் வாசகர்களிடம் இந்தக் கேள்வியை அமைதியாகக் கேட்க முடியாது, காரணம் இருக்கிறது. 1970க்குப் பின் முதலில் வந்தது மாவட்டம் அல்ல, மொழி. பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு நானூறில் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி வேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமாக இருந்தது. தரப்படுத்தல் என்ற சொல் இளைஞர் அரசியலுக்குள் நுழைந்தது அப்படித்தான். 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அது யாழ்ப்பாணத்தைக் கடுமையாகத் தாக்கியது. ஆனால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கு வாசலைக் கொஞ்சம் திறந்தும் விட்டது. இந்த இரண்டாவது பாதியை நம் மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. மொழிவழித் தரப்படுத்தல் 1977இல் ஒழிந்தது. மாவட்டப் பங்கீடு வெவ்வேறு விகிதங்களில் நின்று, இன்றைய 40–55–5 ஆகியிருக்கிறது. இன்றைய பதினாறு மாவட்டப் பட்டியலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, நுவரெலியா, மொனராகலையோடு யாழ்ப்பாணமும் இருக்கிறது. அன்று பங்கீட்டால் இழந்த மாவட்டத்தை உள்நாட்டுப் போர் இன்று சலுகை பெறும் பட்டியலில் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

என் கருத்து: ஆயிரம் '1ஏபி' பாடசாலைகள் மட்டுமே உள்ள நாட்டில் மாவட்டப் பங்கை இன்றே எடுத்துவிடுவது அநியாயம். ஆனால் மாவட்டம் பெரிய அளவுகோல். யாழ் நகரத்துக் கல்லூரி மாணவரும் நெடுந்தீவு மாணவரும் ஒரே மாவட்டம். நுவரெலியா நகரத்து வியாபாரியின் மகனும் தோட்ட லயத்திலிருந்து வரும் பிள்ளையும் ஒரே மாவட்டம். இந்த ஓட்டையை அறிந்தவர்கள் உயர்தரத்துக்குப் பிள்ளையை வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துப் பாடசாலைக்கு மாற்ற முயல்வார்கள். அதைத் தடுக்கத்தான், கடைசி மூன்று ஆண்டும் தொடர்ந்து படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று விதி பார்க்கிறது.

இடம் கிடைத்தவர்களுக்கு 'கம்பஸ்' காத்திருக்கிறது. 1942இல் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் தொடங்கிய ஒரே இலங்கைப் பல்கலைக்கழகம், இன்று 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் பதினேழாகப் பெருகியிருக்கிறது. கடைசியாக வந்தவற்றுள் 2021இல் உருவான வவுனியாவும் ஒன்று. கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல நிதியத்தின் உதவித்தொகை தகுதியுள்ளோருக்குக் கிடைக்கும். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில். பதின்மூன்று ஆண்டும் தமிழில் படித்துவந்த பிள்ளைக்கு முதலாம் வருடம் பாடத்தோடு மொழியும் பரீட்சைதான். இடம் கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரிகள், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்கள், பணம் உள்ளவர்களுக்குத் தனியார் பட்டங்கள், வெளிநாடு. தொழிற்தகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம் என்று தகைமைச் சட்டகம் சொல்கிறது. கலியாணப் பேச்சில் இன்னும் சொல்வதில்லை.

பட்டம் முடித்து வருகிறவர்களில் பலர், குறிப்பாகக் கலைப்பீடத்தார், ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருப்பார்கள். மாகாணப் பாடசாலைக்கு விண்ணப்பம் கோரும்போது அந்த மாகாணத்தில் நிரந்தர வதிவு கேட்பது வழக்கம். மீண்டும் ஒரு ஃபைல் திறக்கிறது. வாக்காளர் இடாப்புப் பிரதியோடு கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழும் அதற்குள் இருக்க வேண்டும்.